குட்டை மரமும் நாலு அம்பும்

தம்பியின் கடிதத்தை நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். வாசல் வேப்பமரத்தடியில் என் வீட்டுக்காரர் வாச்சியால் மரம் செதுக்கிக்கொண்டிருந்தார். தட், தட் என்று சீராக வந்துகொண்டிருந்தது சத்தம். நலம் நலமறிய ஆவல், மழை உண்டா, மாடு கன்று போட்டதா என்ற விசாரிப்பெல்லாம் முடிந்து, "மச்சானுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது" என்ற இடத்துக்கு வந்தேன்.

"மரத்தின் மேலே வெள்ளையாக இருப்பதை எடுத்துவிட வேண்டாம். வில்லுக்கு உயிரே அந்த வெள்ளைதான் என்று இங்குள்ள மலைக்காரர்கள் சொல்லுகிறார்கள்."

வாச்சிச் சத்தம் நின்றுபோனது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் காலைச் சுற்றிலும் தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளைச் சிராய் குவிந்து கிடந்தது. ஒரு முனையில் ஆரம்பித்து நடுவைத் தாண்டிச் செதுக்கியிருந்தார். அந்தப் பக்கமெல்லாம் மரம் செக்கச் செவேல் என்று இருந்தது.

"என்ன படிச்ச? திரும்பப் படி."

படித்தேன்.

"இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"நீ சரியாத்தான் படிக்கிறியா?"

எனக்கு வந்ததே கோபம்! அந்தத் தெருவில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரே பொம்பளை நான். ஊரார் வீட்டு மணியார்டர் பாரமெல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். "நான் சரியாத்தான் படிக்கிறேன். நீங்கதான் சரியாச் செதுக்கல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லியிருக்க வேண்டாம்.

ஒரு துண்டு மரத்துக்கா இத்தனை பாடு என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சொல்கிறேன்.

ஒடிந்த வில்

கீரமங்கலத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அங்கே நவராத்திரி முடிந்த மறுநாள் மகர்நோன்பு. சாயங்காலம் சாமி குதிரை வாகனத்தில் ஊருக்கு வெளியே பொட்டலுக்கு வரும். ஊருக்குப் பெரியவரான அம்பலக்காரர் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நாலு திசைக்கும் நாலு அம்பு விடுவார். ஊருக்கு வரப்போகிற கெட்டதையெல்லாம் அந்த அம்பு தடுத்து நிறுத்தும் என்பது நம்பிக்கை. அந்த வில்லைச் செய்து கொடுப்பது எங்கள் ஆசாரி வீட்டு உரிமை. என் வீட்டுக்காரருடைய பாட்டன் காலத்திலிருந்து வந்தது. வில்லுக்கு மரியாதையாக ஒரு வேட்டியும் ஒரு தேங்காயும் வரும். அந்தத் தேங்காயை நான் துவையல் அரைத்தால்கூட மாமியார் ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் அரைக்கவிடுவார்.

முந்தின வருஷம் என்ன நடந்தது என்றால், அம்பலக்காரர் முதல் அம்பைத் தொடுத்து இழுத்தார். வில் நடுவில் படக்கென்று ஒடிந்தது. மூங்கில் உள்ளே உளுத்துப்போயிருந்தது. பூச்சி பிடிக்காமல் இருக்க என் வீட்டுக்காரர் தேய்பிறையில்தான் அதை வெட்டினார், அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் வெட்டியதை நானே பார்த்தேன். ஆனால் பூச்சிக்குப் பஞ்சாங்கம் தெரியுமா?

அந்த வருஷம் முழுக்க ஊரில் என்ன நடந்தாலும் வில்லின் தலையில் விழுந்தது. மழை பொய்த்ததும் வில்லால்தான், வாந்திபேதி வந்ததும் வில்லால்தான். எவன் வீட்டுக் கோழியைக் கீரி தூக்கினாலும், "ஆசாரி கைராசி அப்படி" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மெல்ல மெல்ல வேலை நின்றுபோனது. ஏர்க்கால் செய்யக்கூடப் பக்கத்து ஊர் ஆசாரியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் உளிகளைத் தீட்டுவார், எண்ணெய் போடுவார், திரும்பப் பெட்டியில் வைப்பார். மறுநாள் அதையே எடுத்து மறுபடி தீட்டுவார். பேச்சு குறைந்துவிட்டது. அவர் பேசாமல் இருந்ததைவிட அந்தச் சாணைக் கல்லின் சத்தம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. அம்பலக்காரருக்கு ஒரே மகன். பழனியப்பன் என்று பெயர். யுத்தம் நடந்த காலம் அது. அவன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தான். சித்திரைக்குப் பிறகு அவனிடமிருந்து கடுதாசியே இல்லை. அவனுடைய அம்மா தபால்காரர் வருகிற நேரத்துக்குத் தெருவில் வந்து நிற்பதை நான் தினமும் பார்ப்பேன். வில் ஒடிந்ததால்தான் என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஆனி மாசம் ஒருநாள் அம்பலக்காரர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆசாரி, இந்த வருசமும் நீதான் செய்யணும். ஒரிமைய மாத்துறதுக்கு எனக்கு மனசு வரல. ஆனா மூங்கில் வேணாம்ய்யா. வீட்டுல அவ மூங்கிலக் கண்டாலே அழுகுறா. வேற மரத்துல செய். ஒடியாம இருக்கணும். அவ்வளவுதான்."

ஒடியாமல் இருக்கணும். அவ்வளவுதான்! 

பெட்டிக்குள் அடங்கிய மரம்

என் தம்பி முத்தையாவும் பட்டாளத்தில்தான் இருந்தான். அவனுக்குத் துப்பாக்கி கிடையாது. இமயமலைப் பக்கம் ஏதோ ஒரு முகாமில் கொட்டகை போடுகிற தச்சுவேலை. விவரமெல்லாம் எழுதி அவனுக்கு நான் ஒரு கடிதம் போட்டிருந்தேன். பதிலுக்குக் கடிதம் வரவில்லை, மரம் வந்தது. லீவில் வந்த அவன் சிநேகிதன் ஒருத்தன் விராலிமலையில் இறங்கி, அங்கிருந்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து கொடுத்தான்.

சாக்கைப் பிரித்தார் என் வீட்டுக்காரர். உள்ளே பாளம் பிளந்த ஒரு மரம். ஒரு பக்கம் விரல் கனத்துக்கு வெள்ளை, மீதி இளஞ்சிவப்பு. மோந்து பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்புறம் கோலை எடுத்து அளந்தார். வெளிச்சம் போய்விட்டது.

"நாலடி மூணு அங்குலந்தான் இருக்கு. வில்லுக்கு அனுப்புறவன் இம்புட்டுக் குட்டையாவா அனுப்புவான்?"

வந்தவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "அனுப்புனப்ப ஆறடி இருந்துச்சுண்ணே. ரயில்ல வைக்க எடமில்ல. என் ட்ரங்குப் பெட்டியிலயும் அடங்கல. அதான் ஒரு பக்கமா அறுத்துட்டேன்."

"அறுத்த துண்டு?"

"வழியில தங்குன முகாமுல வெந்நீர் போட்டுட்டோம்ணே."

அவனுக்குக் காப்பி போடத்தான் உள்ளே போனேன். போட்டேன், கொடுத்தேன். சர்க்கரை மட்டும் போடவில்லை. அவனும் கேட்கவில்லை, குடித்துவிட்டுப் போனான்.

வெள்ளைக்காரர்கள் இதை யூ மரம் என்பார்களாம். மலைக்காரர்கள் துனேர் என்கிறார்களாம். கீரமங்கலம் சந்தையில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தவர் ஒரு சுள்ளியைப் பார்த்துவிட்டு, "தாளிசபத்திரின்னு இருமலுக்குக் கொடுக்குறோமே, அதுவும் இந்த மரத்து எலதான்" என்றார். இன்னொரு கடைக்காரர் இல்லவே இல்லை, அது வேறு மரம் என்றார். இரண்டு பேரும் அன்று சண்டை போட்டதில் எனக்கு மிளகு வாங்க மறந்துபோனது.

எந்த மாதிரி வில்?

இனி மரத்தை நீட்ட முடியாது. இருக்கிற நீளத்துக்கு எந்த மாதிரி வில் செய்வது? அந்தக் கேள்வியோடு பதினைந்து நாள் அல்லாடினார் மனுஷன்.

வழக்கமான வில் ஆள் உயரத்துக்கு இருக்கும், உருண்டையாக, நுனி சிறுத்து. அதே மாதிரி குட்டையாகச் செய்தால் என்ன ஆகும் என்று எனக்குக் காட்டினார். விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சி உருவினார். ஒன்று நீளம், ஒன்று அதில் பாதி. இரண்டையும் ஒரே ஆழத்துக்கு வளைத்தார். நீளமானது சும்மா வளைந்துகொடுத்தது. குட்டையானது டப்பென்று ஒடிந்தது.

"பாத்தியா? வளைய எடமில்ல அதுக்கு."

"அதுக்கு என் வெளக்குமாத்தப் பிச்சு எறியணுமா?"

ஒருநாள் சொல்லிக்கொள்ளாமல் குடுமியான்மலைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே மண்டபத்துத் தூண்களில் வில் பிடித்த சிலைகள் உண்டு. அந்த வில்களுக்கெல்லாம் நுனி முன்பக்கமாகச் சுருண்டிருக்கும். அந்த மாதிரி நுனியை வளைத்தால் குட்டை வில்லுக்கும் வேகம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொழுதெல்லாம் நின்று பார்த்துவிட்டு வந்தவர் கால் கழுவும்போதே சொன்னார்: "கல்லுல செஞ்சவனுக்கென்ன? அவன் வில்ல யாரும் இழுத்துப் பாக்கப் போறதில்ல. நுனிய வளைச்சா அந்த எடத்துல கூட பாரம் விழும். குட்ட மரம் தாங்காது."

கடைசியில் பிரம்புக் கூடை முடைகிறவர்கள் சீவிப் போட்ட பத்தையைக் கையில் வைத்து வளைத்துக்கொண்டிருந்தபோது முடிவுக்கு வந்தார். அகலம் வேண்டும், கனம் குறைய வேண்டும். தட்டையாக, மூன்று விரல் அகலத்தில். பிடிக்கிற இடம்கூட விறைப்பாக நிற்காமல் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். நாலடி மரத்தில் ஒரு அங்குலம்கூடச் சும்மா இருக்கக்கூடாது, எல்லாம் சேர்ந்து பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

"அப்பிடிச் செஞ்சாலும் ரெண்டரச் சாணுக்கு மேல இழுத்தாத் தாங்காது" என்றார். "அம்பலக்காரர் காது வரைக்கும் இழுப்பாரே. மூணேகால் சாண் வருமே."

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "வில்ல நீட்ட முடியலேன்னா அம்பக் கொறைங்க. ரெண்டரச் சாண் அம்பக் குடுத்தா அதுக்கு மேல எப்பிடி இழுப்பாரு? அம்பு கீழ விழுந்துறாது?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய் அம்புக்கு நாணல் வெட்டிக்கொண்டு வந்தார். அதுதான் அவர் பாராட்டுகிற விதம்.

அப்படி எல்லாம் கூடிவந்து, வடிவம் முடிவாகி, கோடு கிழித்து, வாச்சியைக் கையில் எடுத்த அன்றைக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. மரத்துக்கு முன்னாலேயே போட்ட கடிதம். பட்டாளத்துக் கடிதம் என்பதால் எவனெவனோ பிரித்துப் படித்து, ஒட்டி, முத்திரை குத்தி, மரம் வந்து ஒரு மாதத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

வெள்ளை ஆகாது

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் எந்த ஆசாரியைக் கேட்டாலும் இதைத்தான் செய்திருப்பார். வேம்போ பலாவோ தேக்கோ, வெள்ளை என்றால் செத்தை. பூச்சி முதலில் அதைத்தான் தின்னும். வெள்ளையை விட்டு வேலை செய்பவனுக்கு ஆசாரி என்று பெயர் கிடையாது. உள்ளே இருக்கும் வைரம்தான் மரம். அதிலும் முந்தின வருஷம் பூச்சியால் கெட்டுப்போனவர் அவர். வெள்ளையைக் கண்டதும் கை தானாகவே வாச்சியைத் தேடியிருக்கிறது.

இந்த மரத்தில் மட்டும் கணக்கு வேறு. வில்லை இழுக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருக்குப்படும். வெள்ளை இழுபடத் தாங்கும், சிவப்பு நெருக்கத் தாங்கும். ஒன்றுக்கு ஒன்று துணையாக ஒரே மரத்தில் இரண்டும் இருக்கிறது. அதனால்தான் இதை வில்லுக்கென்றே பிறந்த மரம் என்கிறார்கள் என்று முத்தையா எழுதியிருந்தான். எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தான், பாவி மகன்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சிராயை அள்ளி அள்ளி மரத்தின் மேல் வைத்துப் பார்த்தார். 

"ஏங்க, அம்பலக்காரர்கிட்ட உள்ளதச் சொல்லிருவோம்."

"என்னன்னு? தெரியாமச் செதுக்கிப்புட்டேன்னா? ஒரு வருசமா ஊரு என்ன சொல்லுச்சோ அத நானே போயிச் சொல்லணுமா?"

"ஒடிஞ்சா?"

  மகர்நோன்புக்கு இருபது நாள்தான் இருந்தது.

நாலாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மீதி வெள்ளையையும் ஒரேயடியாக எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வில்லின் வெளிப்பக்கத்தில் வேறொரு முதுகை ஒட்டுவது. இழுபடத் தாங்கும் பொருள் எங்கள் ஊரில் ஒன்றுதான் உண்டு. மூங்கில்!

எந்த மூங்கிலை வேண்டாம் என்றார்களோ அதே மூங்கில். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

என் அடுப்படியில் உறி கட்டியிருந்த மூங்கில் கழியைக் கழற்றிக் கொடுத்தேன். பல வருஷம் புகை குடித்துக் கறுத்த கழி, பூச்சி கிட்டே வராது. அதில் மூன்று விரல் அகலப் பத்தை எடுத்து, தோல் பக்கம் வெளியே இருக்கும்படி வச்சிரம் காய்ச்சி மரத்தோடு ஒட்டினார். கயிற்றால் இறுகச் சுற்றி ஆப்பு அடித்தார். காய்ந்த பிறகு மேலே காவி பூசிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வானத்தைப் பார்த்த நாட்கள்

வருஷம் முழுக்க வராத மழை அப்போதுதான் வந்தது!

வச்சிரம் என்பது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. வெயிலில் இரும்பாக இறுகும். ஈரம் பட்டால் இளகிவிடும். புரட்டாசி கடைசியில் வானம் மூடிக்கொண்டது. ஊரே மழையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது, நான் மட்டும் மாரியம்மனிடம் ஒரு வாரம் பொறுத்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வேறு யாருக்காவது தெரிந்திருந்தால் என்னைக் கல்லால் அடித்திருப்பார்கள்.

வில்லை அடுப்படியில் தொங்கவிட்டோம். அடுப்புக்குக் கிட்டே வைத்தால் மரம் வெடிக்கும், தள்ளி வைத்தால் பசை காயாது. சோறு வடிக்கும்போதுகூட ஆவி அந்தப் பக்கம் போகாமல் முந்தானையால் விசிறுவேன். பத்து நாள் ரசம் கொதித்ததா பொங்கியதா என்று தெரியாமலே சாப்பிட்டோம்.

வளைவு பார்த்தது நாங்கள் இரண்டு பேரும்தான். சுவரில் முளை அடித்து வில்லை அதில் மாட்டி, நாணைக் கயிற்றால் கீழே நான் இழுப்பேன். அவர் தள்ளி நின்று பார்ப்பார். "இன்னும் ஒரு விரக்கடை... போதும்... விடு" என்பார். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே கரியால் கோடு போட்டு, கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார். மறுபடி இழு. ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இழுத்தேன். இரண்டரைச் சாண் வந்தது. வில் அழகாகப் பிறை மாதிரி வளைந்து நின்றது. அவர் ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்று சிரித்தார்.

"இதுக்கு மேல ஒரு நெல்லு கூட இழுக்கக்கூடாது" என்று தானே சொல்லிக்கொண்டார்.

கோவிலில் இருந்த அம்பு

மகர்நோன்பு அன்று மழை விட்டிருந்தது. காற்றில் மட்டும் ஈரம். பொட்டலில் ஊரே கூடியிருந்தது. காவி பூசிய வில்லையும், மஞ்சள் தடவிய நாலு குட்டை அம்பையும் தாம்பாளத்தில் வைத்து என் வீட்டுக்காரர் நீட்டினார். அம்பலக்காரர் வில்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குட்டையாக இருப்பதைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள். அது எங்களுக்கு உறைக்கவில்லை.

அம்பில் கை வைக்கப் போனபோது பூசாரி தடுத்தார்.

"அது வேணாங்க. போன வருசத்து அம்பு நாலும் போடாம சாமிகிட்ட இருக்கு. போடாம நின்ன அம்புதான் மொதல்ல போகணும். அது வழக்கமுங்க."

நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. முதல் அம்பிலேயே வில் ஒடிந்ததால் நாலு அம்பும் அப்படியே கோவிலுக்குத் திரும்பிப் போயிருந்தன. நாலும் மூணேகால் சாண்.

 என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மரம் மாதிரி நின்றார். ஓடிப்போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? எதைச் சொல்லி? இத்தனை பேர் முன்னால்? 

கிழக்கே முதல் அம்பு. அம்பலக்காரர் காது வரைக்கும் இழுத்தார். போனது. குலவைச் சத்தம்.

வடக்கே இரண்டாவது. போனது.

மேற்கே மூன்றாவது. இழுத்து நிறுத்தி விடும்போது ஒரு சத்தம் கேட்டது. டிக். சுள்ளி முறிகிற மாதிரி சின்னச் சத்தம். மேளத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. என் வீட்டுக்காரருக்கும் கேட்டது. அம்பலக்காரருக்குக் கையிலேயே தெரிந்திருக்கும்.

அவர் தெற்கே திரும்பினார். தெற்கு எமன் திசை. நாலு அம்பிலும் அதைத்தான் ஊர் முக்கியமாகப் பார்க்கும். நாலாவது அம்பைத் தொடுத்தார். வில்லை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். கூட்டத்தில் அவர் மனைவி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்கள். அவர்களையும் பார்த்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, பாதி வரைக்கும்கூட இழுக்காமல் விட்டுவிட்டார். அம்பு தள்ளாடிப் போய் அவர் காலுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது.

கூட்டம் ஓ என்றது.

"கை ஓடலப்பா" என்று அம்பலக்காரர் உரக்கச் சொன்னார். "வயசாயிப் போச்சு. வில்லு நல்ல வில்லு. எனக்குத்தான் தெம்பு இல்ல."

யாரோ சிரித்தார்கள். வாழ்நாளில் அவரைப் பார்த்து அந்த ஊரில் யாரும் சிரித்ததில்லை. அவர் தலைப் பரிவட்டத்தை அவிழ்த்தார். வில்லை அதில் சுற்றினார். யார் கையிலும் கொடுக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை

விடிந்து ஒரு நாழிகை இருக்கும். அம்பலக்காரர் எங்கள் வாசலில் நின்றார். எங்கள் வீட்டுப் படியை அவர் அதுவரை மிதித்ததே இல்லை. என் வீட்டுக்காரர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார்.

சுற்றியிருந்த துணியை அம்பலக்காரரே பிரித்தார். வில்லின் ஒரு பக்கத்தில் காவி வெடித்து, ஒரு சாண் நீளத்துக்கு மூங்கில் பத்தை மரத்தை விட்டு வாய் பிளந்து நின்றது. இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் இரண்டு துண்டு.

"தெரியாம வெள்ளையச் செதுக்கிப்புட்டேங்க. மூங்கில் வச்சு ஒட்டுனேன். ஒங்ககிட்ட மறச்சுட்டேன்" என்று சொன்ன என் வீட்டுக்காரர் அழ ஆரம்பித்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

"மூணு தெச போச்சுல்ல. போதும்ய்யா. இத வெளிய காட்டாத. அடுப்புல வையி."

"தெக்கு அம்பு..."

"அது என் கால்கிட்ட விழுந்துச்சு. பாத்தேல்ல?" துணியை மறுபடி வில்லின் மேல் இழுத்து மூடினார். "விட்டது நான்தான். அந்தத் தெசையிலருந்து ஏதும் வந்தா என்னையத் தேடி வரட்டும்னுதான் விட்டேன். வேற யாரையும் தேடிப் போக வேணாம்."

யாரை என்று அவர் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பழனியப்பன் திரும்பி வந்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைத் தவிக்கவிட எனக்கு மனசு இல்லை. யுத்தம் முடிந்த பிறகு, ஒரு காது கேட்காமல், எலும்பும் தோலுமாக வந்தான். ஆனால் அன்று காலை அது எங்கள் மூன்று பேரில் யாருக்கும் தெரியாது.

போகக் கிளம்பிய அம்பலக்காரர் திரும்பினார்.

"ஆசாரி, கெழக்குப் பக்கமா வீட்ட இழுத்து ஒரு அறை கட்டலாம்னு இருக்கேன். நெல வைக்கணும். நீ வந்து அளவெடு."

வாசல் நிலை வைப்பது என்றால் சும்மா இல்லை. பூ வைத்து, பொட்டு வைத்து, நல்ல நேரம் பார்த்து, ராசியான கை என்று ஊரே ஒத்துக்கொண்டவனைத்தான் நிலைக்கு அழைப்பார்கள். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோலை எடுத்தார். 

"வழக்கமான ஒசரமா வச்சுறவாங்க? குனிஞ்சு போற மாதிரி?"

"வேணாம்ய்யா" என்றார் அம்பலக்காரர். "என் மகன் என்னையவிட ஒரு சாண் ஒசரம். அவன் வாரப்ப தலை இடிக்கக்கூடாது."